தென்மேற்குப் பருவ நீரோட்டத்தைக் கணக்கிடுவது: மிதவை, செயற்கைக்கோள், கணினி மாதிரி மூன்றையும் சேர்க்கும் வழி

தென்மேற்குப் பருவம் பிடித்ததும் இலங்கைக்குத் தெற்கே கடல்நீர் கிழக்கு நோக்கி ஓடத் தொடங்குகிறது. தேவேந்திரமுனையைத் தாண்டியதும் வடகிழக்காகத் திரும்பி வங்காள விரிகுடாவுக்குள் புகுகிறது. அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீரை அது விரிகுடாவின் நன்னீர்ப் படலத்துக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த ஓட்டத்துக்கு இடப்புறம், மட்டக்களப்புக்குக் கிழக்கே, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேடுகட்டி நிற்கும். 1998இல் கடலியலாளர்கள் வினயச்சந்திரனும் யமகதாவும் விவரித்த 'இலங்கைக் குவிமாடம்' இதுதான்.

இந்த நீரோட்டம் எவ்வளவு நீரைச் சுமக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதை எந்த ஒரு கருவியும் தனியாகச் சொல்லாது. கடலுக்குள் தானே மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவை 10 நாளுக்கு ஒருமுறைதான் மேலே வரும். செயற்கைக்கோளுக்கு நீரின் மேற்பரப்பு மட்டுமே தெரியும். கணினி மாதிரி எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் எண் கொடுக்கும். ஆனால் காற்றிலும் ஆற்றுநீரிலும் நாம் கொடுக்கும் தவறெல்லாம் அந்த எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றையும் அவரவர் பிழைக்கேற்ப எடைபோட்டுச் சேர்ப்பதைத் துறைக்காரர்கள் டேட்டா அசிமிலேஷன் என்பார்கள். இங்கே தரவிணைப்பு என்று சொல்வோம். இந்த ஒரு நீரோட்டத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் சரிபார்ப்பு வரை அதைச் செய்யும் முறை கீழே.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'வங்காள விரிகுடாவின் நீரோட்டத்தை ஆராய்வது' என்பது கேள்வி ஆகாது. இப்படி எழுதுங்கள்: 8 டிகிரி வடக்கில், 83 முதல் 89 டிகிரி கிழக்கு வரை, மேல் 200 மீட்டரில், ஜூன் முதல் செப்டம்பர் வரை வடக்கு நோக்கிக் கடக்கும் நீர் எத்தனை ஸ்வெர்ட்ரப்? ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது விநாடிக்கு 10 லட்சம் கன மீட்டர்.

இந்தக் கோட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2016 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை 'பாபிள்' ஆய்வுப் பயணத்தில் சிந்து சாதனா கப்பலும் கிளைடர்கள் என்னும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிகளும் இதே 8 டிகிரிக் கோட்டில் அளந்தன. விடையை ஒத்துப்பார்க்க நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. சாட்சி இல்லாத இடத்தில் தரவிணைப்பைத் தொடங்கினால், கிடைத்த விடை நல்லதா கெட்டதா என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி முடிவானால் பிரிதிறனும் முடிவாகிவிடும். இந்த அகலாங்கில் சுழிகளின் இயல்பான அளவு, அதாவது ராஸ்பி ஆரம், சுமார் 120 கி.மீ.; 15 டிகிரி வடக்கில் அது 65 கி.மீ.யாகக் குறையும். ஆகவே 1/12 டிகிரி, அதாவது 9 கி.மீ. கட்டம் தாராளம். 1 கி.மீ. கட்டத்துக்கு ஆசைப்பட்டால் கணினி நேரமெல்லாம் அதிலேயே கரையும். கூட்டு ஓட்டத்துக்கு, அதாவது ஒரே மாதிரியைச் சிறுசிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டுவதற்கு, ஒன்றும் மிஞ்சாது.

அளவீடுகளைச் சேகரித்துச் சுத்தம் செய்தல்

ஆர்கோ மிதவை 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர்வரை இறங்கி, ஏறிவரும் வழியில் வெப்பநிலை, உப்பு, அழுத்தம் மூன்றையும் பதிவுசெய்கிறது. பிரெஸ்டிலும் மாண்டெரேயிலும் உள்ள உலகத் தரவு மையங்களில் எல்லாமே இலவசம். இந்தியப் பெருங்கடலுக்கான வட்டார மையம் ஹைதராபாத்தின் இன்காய்ஸ். பைத்தானில் எழுதுபவர்களுக்கு 'ஆர்கோபை' என்ற நூலகம் பாதி வேலையைக் குறைக்கும். இறக்கியவுடன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் தரவு நிலை. 'ஆர்' என்றால் உடனடித் தரவு, 'ஏ' என்றால் உடனடியாகத் திருத்தியது, 'டி' என்றால் நிபுணர் பார்த்துத் திருத்தியது. 'டி' வருவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். 'ஏ', 'டி' இரண்டிலும் திருத்தப்பட்ட பத்தியைத்தான் எடுக்க வேண்டும். மூலப் பத்தியைப் படித்துவிட்டு மாதிரியில் பிழை தேடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பிறகு தரக் குறி: 1ஐ (நல்லது) மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், தரவு போதாவிட்டால் 2ஐச் (அநேகமாக நல்லது) சேருங்கள், கெட்டவையான 3உம் 4உம் வேண்டாம். உப்பை மட்டும் இன்னொருமுறை பாருங்கள். சில வரிசை உணரிகளில் உப்பு அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும் கோளாறு உண்டு. ஒரே மிதவையின் 1500 மீட்டருக்குக் கீழான உப்பைக் காலவரிசையில் வரைந்துபாருங்கள். அங்கே கடல் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஓராண்டில் 0.02க்கு மேல் ஒரே திசையில் நகர்ந்தால் சந்தேகம் உணரிமேல்தான் வரவேண்டும்.

அடுத்தது அலகுகள். மிதவை தருவது அந்த ஆழத்தின் நேரடி வெப்பநிலை; பெரும்பாலான மாதிரிகள் கணக்கிடுவது மேற்பரப்புக்குக் கொண்டுவந்து பார்க்கும் நிலைவெப்பநிலை. 2000 மீட்டரில் இரண்டுக்கும் சுமார் 0.15 டிகிரி வித்தியாசம் வரும். அந்த ஆழத்தில் இயற்கையான மாற்றமே அதைவிடக் குறைவு என்பதால், மாற்றாமல் விட்டால் மாதிரியின் அடிக்கடல் முழுவதும் மெல்லச் சூடேறும். அழுத்தமும் ஆழமும் ஒன்றல்ல: 2000 டெசிபார் என்பது ஏறக்குறைய 1980 மீட்டர். கடல்நீரின் பண்புகளைக் கணக்கிடும் டியோஸ்-10 நூலகத்தில் இரண்டுக்கும் சார்பு உண்டு. நாள் எண்ணும் முறையையும் கவனியுங்கள். ஆர்கோ 1950 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது, உங்கள் மாதிரி வேறு நாளிலிருந்து எண்ணலாம்.

உயரமானிச் செயற்கைக்கோள்கள் அளக்கும் கடல்மட்ட உயரம் 1992இல் டோபெக்ஸ்/பொசைடன் தொடங்கி, ஜேசன் வரிசை, இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2013இல் அனுப்பிய சரல், 2020இன் சென்டினல்-6 என்று தொடர்ந்து கிடைக்கிறது. ஜேசன் பாதைக்கு 10 நாளுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சுற்று. நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே சுமார் 315 கி.மீ. இடைவெளி. தரவிணைப்புக்குத் தடம்வாரியான தரவையே எடுங்கள். அழகாக நிரப்பிய வரைபடம் வேறொருவர் ஏற்கெனவே இடைநிரப்பிச் சமைத்தது. அதில் அடுத்தடுத்த புள்ளிகளின் பிழைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும், நம் கணக்கோ அவற்றைத் தனித்தனி என்று நம்பும். தடத்தில் 7 கி.மீ.க்கு ஒரு புள்ளி வரும். நான்கைச் சராசரியாக்கி ஒன்றாக்கினால் போதும்.

கடல் மேற்பரப்பு வெப்பநிலைக்கு அகச்சிவப்புக் கருவியை ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகம் நம்ப முடியாது, மேகம் மறைத்துவிடும். நுண்ணலைக் கருவி மேகத்தை ஊடுருவும், கனமழையை ஊடுருவாது. கரையை ஒட்டிய அளவீடும் கெடும். பகல் வெயிலில் மேல்தோல் மட்டும் சூடேறுவதால் இரவு அளவீடுகளை முதலில் எடுங்கள். உப்புக்கு 2009 முதல் ஸ்மாஸ், 2015 முதல் ஸ்மாப் செயற்கைக்கோள்கள். திறந்த பெருங்கடலில் இவற்றின் பிழை பெரிதாகத் தெரியும். விரிகுடாவின் வடக்கே பருவமழைக்குப் பின் உப்பு 30க்கும் கீழே இறங்குமளவு மாறுவதால், அங்கே அவை உண்மையிலேயே பயன்படுகின்றன.

கடைசியாக ஒரு பொட்டலத்தைக் கட்டித் தனியே எடுத்துவையுங்கள்: 90 டிகிரி கிழக்கில் 8, 12, 15 டிகிரி வடக்கில் உள்ள ராமா நங்கூர மிதவைகள், 2016இன் கப்பல், கிளைடர் அளவீடுகள், 15 மீட்டர் ஆழத்தில் பாய்கட்டிய மேற்பரப்பு மிதவைகளின் வேகம். சென்னையின் தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுத்தியிருக்கும் ஓம்னி மிதவைகளின் தரவு கிடைத்தால் அதுவும் இந்தப் பொட்டலத்துக்கே. இவற்றை மாதிரிக்குக் காட்டவே கூடாது. ஆசை வரும், குறிப்பாக 8 டிகிரி மிதவைமேல். காட்டிவிட்டால் கடைசியில் ஒத்துப்பார்க்க எதுவும் இருக்காது.

மாதிரியை அமைத்தல்

ரோம்ஸ், நெமோ, எம்ஐடி-ஜிசிஎம் ஆகிய மூன்று கடல் மாதிரி நிரல்களில் எது கைப்பழக்கமோ அது. இங்கே ரோம்ஸை வைத்துச் சொல்கிறோம்.

பரப்பு: 72 முதல் 100 டிகிரி கிழக்கு, 5 டிகிரி தெற்கு முதல் 23 டிகிரி வடக்கு. இலங்கையை மட்டும் சுற்றிக் கட்டம் போட்டால் வேலை குறையும், விடை கெடும். நிலநடுக்கோட்டில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் கிழக்கே பாயும் விர்ட்கி ஓட்டத்தின் அலை சுமத்ராவில் மோதி, கரையோரமாக ஒரு நாளில் 200 கி.மீ.க்கு மேல் பயணித்து விரிகுடாவைச் சுற்றிவருகிறது. தமிழகக் கரையில் நீவாடு (கரையோர நீரோட்டம்) திசை மாறுவதில் உள்ளூர்க் காற்றோடு அந்தத் தூரத்து அலைக்கும் பங்குண்டு. தெற்கு எல்லையை 2 டிகிரி வடக்கில் வெட்டினால் அலை வரும் வழியையே வெட்டிவிடுகிறீர்கள்.

336க்கு 336 கட்டம், 40 அடுக்கு. வெப்பநிலை, உப்பு, இரு திசை வேகம் ஆகிய நான்கையும் ஒரு நாளுக்கு ஒருமுறை எழுதினால் ஒரு நாளுக்குச் சுமார் 72 எம்பி, ஆண்டுக்கு 26 ஜிபி. கூட்டு ஓட்டத்தின் 30 உறுப்புகள், அதாவது 30 தனி ஓட்டங்கள், ஓடினால் ஓராண்டுக்கு ஏறக்குறைய 800 ஜிபி. வட்டு இடத்தை முதலில் கணக்குப் பாருங்கள். பாதி ஓட்டத்தில் வட்டு நிறைந்தால் கடைசிச் சுற்றின் கோப்புகள் அரைகுறையாக எழுதப்பட்டு, அடுத்த சுற்று அதையே நல்லதென்று நம்பித் தொடங்கும்.

ஆழத்துக்கு ஜெப்கோ என்னும் உலகக் கடலடி ஆழத் தரவு. தரையைத் தழுவும் அடுக்குகளுள்ள ரோம்ஸில் செங்குத்தான கண்டச்சரிவு பொய்யான நீரோட்டத்தை உண்டாக்கும்; இலங்கையின் கிழக்குக் கரை அப்படிப்பட்ட இடம்தான். அடுத்தடுத்த கட்டங்களின் ஆழ வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.2க்குள் வரும்வரை மென்மையாக்குங்கள். பிறகு ஒரு சோதனை: எல்லா இடத்திலும் ஒரே அடுக்குநிலை, காற்று இல்லை, வெப்பமில்லை, 30 நாள் ஓட்டம். நீர் அசையாமல் நிற்க வேண்டும். சரிவோரம் விநாடிக்குச் சில செ.மீ.க்கு மேல் வேகம் தெரிந்தால் இன்னும் மென்மையாக்குங்கள். இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்தப் பொய் ஓட்டத்தைத் தரவிணைப்பு ஒவ்வொரு சுற்றிலும் திருத்த முயன்று தோற்கும்.

பாக் நீரிணையைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வியும் வரும். ராமர் பாலத்தில் ஆழம் சில மீட்டர்தான். மாதிரியின் குறைந்தபட்ச ஆழத்தை 10 மீட்டர் என்று வைத்தால் அந்த இடம் தானாகவே 10 மீட்டர்க் கால்வாய் ஆகிவிடும், மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்கு இல்லாத ஆறு ஓடும். நம் கேள்வி கிழக்கே ஆழ்கடல் பற்றியது என்பதால் ராமர் பாலத்தை நிலமாக மூடிவிடுவது நல்லது. பாக் விரிகுடாவே கேள்வி என்றால் இந்தக் கட்டமே பொருந்தாது.

கால இடைவெளியைக் கட்டமே நிர்ணயிக்கும். 4000 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பு அலையின் வேகம் விநாடிக்கு 198 மீட்டர். 9 கி.மீ. கட்டத்தை அது 45 விநாடியில் கடக்கும். இரு பரிமாணத்தில் 32 விநாடிக்குள் இருக்க வேண்டும். உள் அலைகள் மெதுவானவை. ஆகவே பெரிய படி 600 விநாடி, அதற்குள் 30 சிறு படிகள், ஒவ்வொன்றும் 20 விநாடி.

வளிமண்டல விசைக்கு, அதாவது கடலை இயக்கும் காற்றுக்கும் வெப்பத்துக்கும், இரா5 (ERA5) மறுபகுப்பாய்வு: பழைய அளவீடுகளையும் மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்ட வானிலைத் தரவு. இதில் மூன்று இடத்தில் சறுக்குவார்கள். கதிர்வீச்சு அந்த ஒரு மணிநேரத்தின் கூட்டுத்தொகையாக ஜூலில் இருக்கும். வாட் ஆக்க 3600ஆல் வகுக்க வேண்டும். ஆவியாதல் எதிர்மறைக் குறியோடு வரும். ஈரப்பதம் நேரடியாக இல்லை, பனிநிலை வெப்பத்திலிருந்து கணக்கிட வேண்டும். இன்னொன்றும் உண்டு: காற்றின் வேகத்திலிருந்து நீரோட்டத்தின் வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் இழுவிசையைக் கணக்கிட வேண்டும். விநாடிக்கு அரை மீட்டருக்கு மேல் ஓடும் இந்த நீரோட்டத்தில் அது தெரியும்படியான வித்தியாசத்தைத் தரும்.

ஆறுகளை விட்டால் விரிகுடா விரிகுடாவாக இருக்காது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 கன கி.மீ.க்கு மேல் நீர் கொண்டுவருகின்றன. ஆண்டுச் சராசரி விநாடிக்கு 32,000 கன மீட்டருக்குக் குறையக் கூடாது, ஆகஸ்டை ஒட்டி உச்சம். கோப்பைப் படித்து இந்த எண் வருகிறதா என்று கூட்டிப்பாருங்கள். ஐராவதியையும் மறக்காதீர்கள். உப்பு தடம்புரளாமல் இருக்கச் சராசரி உப்பை நோக்கி மாதிரியை இழுத்துப்பிடிக்கும் பழக்கம் உண்டு. 10 மீட்டர் அடுக்குக்கு 60 நாள் என்ற மெல்லிய இழுப்புக்கு மேல் வேண்டாம். பலமாக இழுத்தால் எல்லா ஆண்டும் ஒரே ஆண்டாகிவிடும்.

எல்லைகளுக்கும் தொடக்க நிலைக்கும் குளோரிஸ்12 மறுபகுப்பாய்வு: 1993 முதல், 1/12 டிகிரி, 50 அடுக்கு. ஐந்தாண்டு தரவிணைப்பில்லாமல் ஓட்டுங்கள். இதுதான் வெறும் ஓட்டம். இதை அழிக்காதீர்கள். பின்னால் தரவிணைப்பு செய்த நன்மையை இதோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.

பிழைக்கு எண் கொடுத்தல்

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. அடுத்து வரும் கணித முறையில் எதைத் தேர்ந்தாலும் விடை பெரிதாக மாறாது. இங்கே கொடுக்கும் எண்கள் மாறினால் எல்லாம் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 மீட்டர் ஆழத்தில் மாதிரி 24.0 டிகிரி சொல்கிறது. அதன் பிழை 1.2 டிகிரி என்று வையுங்கள். அருகே ஒரு மிதவை 22.6 அளந்தது. உணரியின் துல்லியம் 0.002 டிகிரி என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அது உண்மையும்கூட. அதையே பிழையாகப் போட்டால் மிதவைக்கு நூற்றுக்கு நூறு எடை கிடைக்கும், விடை 22.6. ஆனால் மிதவை அளந்தது ஒரு புள்ளியை, ஒரு கணத்தில். மாதிரியின் எண் 9 கி.மீ. கட்டத்தின் சராசரி. வெப்பம் சட்டென்று இறங்கும் அந்த ஆழத்தில் உள் அலை ஒன்று கடந்தால் சில மணிநேரத்துக்குள் அடுக்குகள் பல மீட்டர் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மாதிரியில் இல்லை. ஆகவே மிதவையின் பிழை, அது எதைப் பிரதிநிதிக்கிறது என்ற சந்தேகத்தையும் சேர்த்து, 0.8 டிகிரி என்று போட வேண்டும். இப்போது எடை: 1.2இன் வர்க்கம் 1.44, 0.8இன் வர்க்கம் 0.64; 1.44ஐ இரண்டின் கூட்டுத்தொகை 2.08ஆல் வகுத்தால் 0.69. வித்தியாசம் 1.4 டிகிரியில் அந்தப் பங்கு 0.97. விடை 23.03 டிகிரி, அதன் பிழை 0.67. இரண்டு தனிப்பிழைகளையும்விடக் குறைவு.

இந்த 0.8ஐ எங்கிருந்து எடுப்பது? நங்கூர மிதவையின் மணிவாரி வெப்பநிலைப் பதிவில், ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு நாளுக்குக் குறைந்த கால ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள். தனியே எடுத்துவைத்த பொட்டலத்திலிருந்து புள்ளியியல் மட்டும் கடன்வாங்குவது தவறில்லை, அளவீட்டையே கொடுப்பதுதான் தவறு. மேற்பரப்பிலும் 1000 மீட்டரிலும் இந்த எண் சிறிதாகவும், 80 முதல் 150 மீட்டர் வரை மிகப் பெரிதாகவும் வரும். எல்லா ஆழத்துக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

கடல்மட்ட உயரத்துக்கும் இப்படியே. 8 டிகிரியில் 100 கி.மீ.க்கு 10 செ.மீ. சாய்வு இருந்தால் புவிச்சுழற்சிச் சமநிலையில் நீரோட்டம் விநாடிக்கு 0.48 மீட்டர். நம் கோட்டின் இரு முனைகளின் உயர வித்தியாசத்தில் 2 செ.மீ. தவறினால், அந்தத் தவறு 200 மீட்டர் ஆழம்வரை ஒரே அளவில் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், கடக்கும் நீரில் 1.9 ஸ்வெர்ட்ரப் பிழை. கோட்டின் நீளம் எதுவானாலும் இதே எண்தான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப்பார்த்தவர், கடைசி விடையைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எழுத மாட்டார்.

சேர்க்கும் முறை

மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன. நிலையான பிழைத் தொடர்புகளை வைத்து இடைநிரப்புவது எளிது. பருவத்துக்குப் பருவம் தலைகீழாகும் விரிகுடாவுக்கு அது முரடு. நாற்பரிமாண மாறுபாட்டு முறை தொடக்க நிலையையும் விசையையும் மட்டும் மாற்றி, இடையில் இயற்பியல் விதிகளை முறிக்காது. அதற்கு மாதிரியின் தலைகீழ் வடிவம் வேண்டும். ரோம்ஸிலும் எம்ஐடி-ஜிசிஎம்மிலும் அது உண்டு, கற்க மாதங்கள் ஆகும். கூட்டு ஓட்ட வடிகட்டி, குறிப்பாக எல்இடிகேஎஃப் (LETKF) என்னும் வகை, மாதிரியின் நிரலைத் தொடாமலே இயங்கும். முதன்முறை செய்பவர்களுக்கு இதையே சொல்வோம்.

30 உறுப்புகளை உருவாக்குங்கள். எல்லாம் ஒரே மாதிரி, காற்று மட்டும் வேறு. இரா5இன் 10 உறுப்புக் கூட்டம் கையில் இருக்கிறது, ஆனால் அவற்றுக்கிடையே விரிவு குறைவு. வித்தியாசங்களைப் பெருக்கி, நாள் தள்ளி, 30 ஆக்கிக்கொள்ளலாம். ஆற்றுநீரையும் மழையையும் 20 முதல் 30 விழுக்காடு கூட்டிக் குறைத்தும், நீர் எவ்வளவு கலக்கும் என்பதை நிர்ணயிக்கும் கலவைக் கெழுக்களைச் சிறிது மாற்றியும் சேருங்கள். மூன்று மாதம் தனித்தனியே ஓடவிடுங்கள். பிறகு 5 நாளுக்கு ஒரு சுற்று: எல்லா உறுப்புகளும் 5 நாள் ஓடும், ஒவ்வொரு அளவீட்டின் இடத்திலும் நேரத்திலும் உறுப்புகள் சொல்வதை எழுதிவையுங்கள், வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்தத்தைப் பெறுங்கள், திருத்தத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் அதே 5 நாளைத் திரும்ப ஓட்டி, படிக்குப் படி சிறிது சிறிதாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர்மட்டமும் அடர்த்தியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், குளத்தில் கல்லெறிந்ததுபோல் அலை கிளம்பி நாலைந்து நாள் ஓயாது.

30 உறுப்புகளிலிருந்து கணக்கிடும் தொடர்பெண்ணில் தற்செயல் இரைச்சல் 29இன் வர்க்கமூலத்தில் ஒரு பங்கு, அதாவது 0.19. அதைவிடச் சிறிய தொடர்பை நம்ப முடியாது. இல்லையென்றால் அந்தமானில் அளந்த மிதவை மாலத்தீவில் உப்பை மாற்றும். அதனால் ஒவ்வொரு அளவீட்டின் செல்வாக்குக்கும் எல்லை கட்டுங்கள்: தெற்கே 150 கி.மீ., வடக்கே 80 கி.மீ. என்று ராஸ்பி ஆரத்தை ஒட்டி வைக்கலாம். சுற்றுக்குச் சுற்று உறுப்புகளின் விரிவு சுருங்கும். 5 விழுக்காடு ஊதிக்கொடுங்கள். சுருங்கிப்போனால் மாதிரி தன்னைத்தானே நம்பிக்கொண்டு அளவீட்டைக் கேட்பதை நிறுத்திவிடும்.

உண்மைத் தரவைத் தொடுமுன் இரட்டைச் சோதனை செய்யுங்கள். வெறும் ஓட்டத்தின் ஓராண்டை 'உண்மைக் கடல்' என்று வைத்து, ஆர்கோவும் உயரமானியும் இருந்த அதே இடம், அதே நேரத்தில் அதிலிருந்து போலி அளவீடு எடுத்து, தெரிந்த பிழையைக் கலந்து, வேறு தொடக்கத்திலிருந்து ஓடும் மாதிரிக்குக் கொடுங்கள். உண்மை தெரிந்த இடத்தில் மீட்க முடியாத நீரோட்டத்தை உண்மை தெரியாத இடத்தில் மீட்க முடியாது. குறி மாறிய கழித்தல், ஒரு நாள் தள்ளிய நேரம், தவறிய அகலாங்கு வரிசை எல்லாம் இங்கேதான் பிடிபடும்.

எங்கே கெடும்

உப்பில்தான் அதிகம் கெடும். விரிகுடாவில் நன்னீர்ப் படலத்துக்குக் கீழே, வெப்பம் மாறாமல் உப்பு மட்டும் மாறும் தடுப்பு அடுக்கு உண்டு. குளிர்காலத்தில் வடக்கே மேல்நீர் குளிர்ந்தும் கீழ்நீர் சூடாகவும் இருப்பது சாதாரணம். அங்கே உப்புதான் நீரை அடுக்கிவைத்திருக்கிறது. வெப்பநிலையை மட்டும் திருத்தி உப்பை விட்டால் மேலே கனத்த நீரும் கீழே லேசான நீருமாகி, மாதிரி அதை ஒரே நாளில் கலந்தடிக்கும். பல நூறு மீட்டர் கலங்கிய தூண் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள். திருத்தியபின் ஒவ்வொரு கட்டத்திலும் அடர்த்தி ஆழத்தோடு ஏறுகிறதா என்று நிரலிலேயே சோதியுங்கள்.

உயரமானியின் எண் 1993 முதல் 2012 வரையிலான சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்பது. மாதிரியின் சராசரியை வேறு காலத்தில் எடுத்துக் கழித்தால் வித்தியாசம் முழுவதும் நிரந்தரத் திருத்தமாக உள்ளே போகும். உயரமானித் தரவில் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) நீக்கப்பட்டிருக்கும். உங்கள் மாதிரியில் ஓதம் ஓடினால் அதையும் வடிகட்ட வேண்டும். கரையிலிருந்து 50 கி.மீ.க்குள்ளும் 200 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் முதல் ஓட்டத்தில் உயரமானியைச் சேர்க்காதீர்கள்.

மேற்பரப்பு மிதவையை ஒத்துப்பார்க்கும்போது பாய் அறுந்ததா என்ற குறியைப் படியுங்கள். அறுந்த மிதவையைக் காற்று தள்ளும்; பருவக்காற்றில் அது நீரோட்டத்தைவிட வேகமாகக் கிழக்கே போகும்.

சரிபார்ப்பு

ஒவ்வொரு சுற்றிலும், அளவீட்டைச் சேர்ப்பதற்கு முன் மாதிரிக்கும் அளவீட்டுக்கும் இருந்த வித்தியாசத்தைச் சேமியுங்கள். அதன் சராசரி பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அதன் மாறுபாடு, நீங்கள் கொடுத்த மாதிரிப் பிழையின் வர்க்கமும் அளவீட்டுப் பிழையின் வர்க்கமும் சேர்ந்த அளவுக்கு அருகே வர வேண்டும். மிகப் பெரிதானால் உங்கள் பிழை எண்கள் துணிச்சலானவை, மிகச் சிறிதானால் கோழையானவை. சேர்த்தபின் உள்ள ஒற்றுமையைக் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது அது.

பிறகு கட்டிவைத்த பொட்டலத்தைத் திறங்கள். மூன்று வரிசை வையுங்கள்: வெறும் ஓட்டம், தரவிணைத்த ஓட்டம், பலவாண்டுச் சராசரி. தரவிணைத்தது மற்ற இரண்டையும் வெல்ல வேண்டும். வேகத்தில் வெற்றி வெப்பநிலையைவிடச் சிறிதாகவே இருக்கும், ஏனென்றால் வேகத்தை யாரும் நேராகக் கொடுக்கவில்லை. 2016 கப்பல் கோட்டை அதே நாட்களோடு ஒப்பிடுங்கள், மாதச் சராசரியோடு வேண்டாம். அது இந்தியப் பெருங்கடல் இருமுனை (கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம்) வலுவாக எதிர்மறையாக இருந்த ஆண்டு என்பதால், அந்த ஒரு கோடு பொருந்தியதை வைத்து 2019 போன்ற நேர்மறை ஆண்டுக்கும் உறுதி சொல்ல முடியாது. குளோரிஸ்12ஓடு ஒப்பிட்டு 'பொருந்துகிறது' என்று எழுதுவதில் பொருளில்லை: எல்லை அதிலிருந்து வந்தது, ஆர்கோவையும் உயரமானியையும் அதுவும் உண்டிருக்கிறது. ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றுவதுபோல் அது.

காலநிலைக் கேள்வியானால்

ஒரு பருவத்தைப் பற்றிப் பேசுவதும் முப்பதாண்டுப் போக்கைப் பற்றிப் பேசுவதும் வேறுவேறு. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது. அந்த அளவுக்கு மெல்லிய மாற்றத்தை அளவீட்டு வலையின் மாற்றமே போலியாக உண்டாக்கிவிடும். ஆர்கோ 2007இல்தான் 3000 மிதவைகளை எட்டியது. அதற்கு முன் மாதிரி தன் சொந்தச் சாய்வோடு ஓடியது; பின்பு மிதவைகள் அதை இழுத்துத் திருத்தின. நடுவில் தெரியும் படிக்கட்டு கடலின் மாற்றம் அல்ல. கண்டுபிடிக்க ஒரு வழி: 2010க்குப் பிந்தைய ஆண்டுகளை ஆர்கோ இல்லாமல் இன்னொருமுறை ஓட்டுங்கள். போக்கு மறைந்தால் அல்லது திரும்பினால், 2000க்கு முன்னும் பின்னும் சேர்த்துக் கோடு இழுக்காதீர்கள். குளோரிஸ்12, ஓராஸ்5 போன்ற தயார் மறுபகுப்பாய்வுகளை எடுத்துப் போக்கு பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

வெப்பக் கணக்கு போடுபவர்கள் திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதிவைத்தே ஆகவேண்டும். 5 நாளுக்கு ஒருமுறை மேல் 100 மீட்டரில் 0.01 டிகிரி மட்டும் ஒரே திசையில் திருத்தினாலும், அது சதுர மீட்டருக்கு 9.5 வாட் வெப்பத்தை எங்கிருந்தும் வராமல் கடலுக்குள் செலுத்துவதற்குச் சமம். பூமி முழுவதும் இன்று தேக்கிக்கொண்டிருக்கும் கூடுதல் வெப்பமே சதுர மீட்டருக்கு 1 வாட் அளவுதான். ஏன் சூடேறியது என்பது உங்கள் கேள்வியானால் வடிகட்டி முறையை விட்டு, திருத்தத்தை நடுவில் செருகாமல் தொடக்க நிலையையும் விசையையும் கலவையையும் மட்டும் மாற்றும் எக்கோ போன்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள். வடிகட்டியில்தான் செய்ய வேண்டியிருந்தால், திருத்தங்களின் பலவாண்டுச் சராசரியை வரைபடமாக்கிப் பாருங்கள். இலங்கைக்குக் கிழக்கே எல்லா ஜூலையிலும் குளிர்விக்கும் திருத்தமே வந்தால், குவிமாடத்தை எழுப்பும் காற்றின் சுழற்சி உங்கள் விசைக் கோப்பில் பலவீனமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அடுத்துக் கலவைக் கெழு, அதற்கடுத்து ஆற்றுநீர்.